மாசாய் வீட்டிலிருந்து நீ சொன்ன வழி

இன்று காலை வேட்டைப் பையைத் திறந்தேன். கையை உள்ளே விட்டதும் மசாலா வாசனை முகத்தில் அடித்தது. கைப்பேசி நனையாமல் இருக்க நீ எடுத்துக் கொடுத்த பிளாஸ்டிக் பை. முன்பு கறித்தூள் போட்டு வைத்திருந்தது. எத்தனை முறை கழுவிக் காயவைத்தாலும் அந்த வாசனை போகவில்லை. "பன்னி மோப்பம் புடிச்சு ஓடிரும்" என்று நான் திட்டியிருக்கிறேன். "ஓடுனா ஓடட்டும். போன் நனையாம வீட்டுக்கு வரட்டும்" என்பாய்.

பையை மூடினேன். மறுபடி திறந்தேன். வாசலுக்குப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் பூட்டிக்கொண்டு வந்தேன். நீ போன இந்த எட்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இதுதான் வேலை. வீட்டில் உட்கார முடிவதில்லை. காட்டுக்குப் போனால் அங்கே நிற்க முடிவதில்லை. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் இருந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. இதைக்கூடச் சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எங்கே என்ன இருக்கிறது என்று நீ அடுக்கி வைத்தபடியே இருக்கும் மேடை. எழுதி முடித்தால் உட்கார முடியுமோ என்னவோ.

உனக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? நீ பாலோ டவுனில் கடைவீதிக்குப் பின்னால் வளர்ந்தவள். தோட்டத்துக்குள் நீ கால் வைத்ததே என் அம்மாவைப் பார்க்க வந்தபோதுதான். ரத்தம் குடிக்கும் அட்டையைப் படத்தில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்தகடுகளை வைத்துப் பார்த்தாய். மயிரிழை போன்ற கோடுகளில் எது எங்கே போகிறது, தொடக்கூடாததை எது தொடுகிறது என்று கண்டுபிடிப்பது உன் வேலை. நானோ பண்டார் தெங்காராவை அடுத்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். பாரந்தூக்கி வண்டி ஓட்டும் வேலை கிடைத்து மாசாய்க்கு வந்த பிறகும், துப்பாக்கி லைசென்சும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதமும் வாங்கி ஞாயிறுதோறும் காட்டுப்பன்றி வேட்டைக்கு அங்கேயே திரும்பிப் போனவன். செம்பனைக் கன்றுகளைக் குடைந்து தின்னும் பன்றிகளைச் சுட ஆள் வேண்டும் என்று நிர்வாகமே கூப்பிடும். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. என் சொந்த இடத்துக்குப் போய் வருவதாகத்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு ஆற்றில் வெள்ளம் வந்து, சுற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் தாமதமாக வந்தேன். நீ கேட்டுக்கு வெளியே, செருப்புக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாய். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் என் கைப்பேசியை வாங்கி, அதில் வரைபடச் செயலி ஒன்றை ஏற்றினாய். உன் கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டாய்.

"எனக்குத் தெரியாத காடா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா?" என்றாய்.

அன்றிலிருந்து நான் காட்டுக்குள் நடக்க, நீ வீட்டில் சமைத்துக்கொண்டே என் புள்ளி நகர்வதைப் பார்த்தாய். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தால் உன் செய்திகள் வரிசையாக விழும். 'ஏன் அரை மணி நேரமா அங்கேயே நிக்கிறீங்க? பசியாறுறீங்களா?' 'அந்த வளைவுல போன தடவையும் வழி தவறுனீங்க.' கூட்டாளிகள் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். கைப்பேசியைப் பைக்குள் திணித்துவிடுவேன்.

நீ விடவில்லை. நான் நடந்த தடங்களையெல்லாம் சேமித்து வைத்தாய். வரைபடத்தில் உயரம் காட்டி வளைந்து வளைந்து போகும் மேட்டுக்கோடுகள் உனக்கு மின்தகட்டின் கோடுகள் மாதிரியே பிடிபட்டன. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "கோடுங்க நெருக்கமா இருந்தா அங்க செங்குத்து. விலகி இருந்தா சரிவு. ஒரே மாதிரி உள்ளே வளைஞ்சா அங்க தண்ணி எறங்குது" என்று விளக்கினாய். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன்.

குமரேசனுக்கு அடிபட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இதுவரை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. உனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. என் பக்கத்தில் என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன்.

நானும் அவனும் மட்டும்தான் போயிருந்தோம். தோட்டத்துப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். பண்டார் தெங்காராவில் லோரி ஓட்டுபவன். உன்னை முதல் நாளிலிருந்து தங்கச்சி என்று கூப்பிட்டவன். வண்டியைத் தோட்டத்தின் எல்லையில் உள்ள சிறிய சிமெண்டுப் பாலத்தருகே நிறுத்திவிட்டு நடந்தோம். காலையில் ஒரு பெரிய பன்றி மேல் என் குண்டு பட்டது. ஆனால் விழவில்லை. எல்லைக் கால்வாயைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. காயம் பட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது என்று ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தோம். இரண்டு மணி நேரம். முள் புதர் ஒன்றுக்குள் அது படுத்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. குமரேசன் முன்னால் போனான். பாய்ந்து வந்து அவன் தொடையைப் பல்லால் கிழித்தது. அடுத்த குண்டில் அது செத்துவிட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

துண்டை இறுக்கிக் கட்டினேன். துண்டு சிவப்பாகிக்கொண்டே வந்தது. வந்த வழி? ரத்தத்தைப் பார்த்துத் தரையையே பார்த்து வந்ததில், சுற்றிலும் எந்த மரமும் எனக்குத் தெரிந்த மரமாக இல்லை. கைப்பேசியை எடுத்தேன். செயலி திறந்தது. நீலப் புள்ளி இருந்தது. புள்ளியைச் சுற்றி வெறும் சாம்பல் கட்டங்கள்.

அந்தக் காட்டின் படத்தை நீ வெள்ளிக்கிழமையே என் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தாய், சிக்னல் இல்லாத இடத்திலும் தெரியட்டும் என்று. சனிக்கிழமை கூட்டாளிகள் குழுவில் வேட்டை வீடியோக்கள் வந்தன. இடம் போதவில்லை என்று கைப்பேசி சொன்னது. நான் உன் படத்தை அழித்துவிட்டு வீடியோக்களை வைத்துக்கொண்டேன். இதை உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை. நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

குமரேசனை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினேன். உச்சியில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. நீ முதல் மணியிலேயே எடுத்தாய்.

"என்னங்க, ரெண்டு மணி நேரமா உங்க புள்ளி நகரவே இல்ல."

சொன்னேன். நீ அலறுவாய் என்று நினைத்தேன். "ரத்தம் நிக்குதா?" என்று கேட்டாய். இன்னும் ஊறுகிறது என்றேன். நான் நிற்கும் இடத்தை அனுப்பச் சொன்னாய். அனுப்பினேன். உனக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. நீ அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் நீ வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வலது பக்கம் லோரி சத்தம் கேக்குது. தோட்டம் அங்கதான். அப்படியே எறங்கிடுறேன்."

"எறங்காதீங்க. அது ஆத்துக்கு அந்தப் பக்கத்து சடக்குல ஓடுற லோரி. நடுவுல முழுக்கச் சதுப்பு. அண்ணன தூக்கிக்கிட்டு அதுல போக முடியாது."

"உனக்கு என்னடி தெரியும்? நீ காட்டுக்குள்ள காலே வச்சதில்ல!"

கத்தினேன். உச்சி மேட்டில் நின்று, இடுப்பில் தோட்டாப் பட்டையோடு, போனில் உன்னிடம் கத்தினேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"நான் கோட்டப் பாத்துச் சொல்றேன். நீங்க பயத்துல சொல்றீங்க. பேட்ரி எவ்வளவு இருக்கு?"

"பதினொன்னு."

"அப்ப நல்லாக் கேட்டுக்கிட்டு, கட் பண்ணிட்டு, போன ஆப் பண்ணிருங்க. மேட்டுக்குப் பின்னால எறங்குங்க. அங்க ஓடை இருக்கும். மேப்புல போடல, ஆனா கோடு அப்படித்தான் வளையுது. ஓடைய இடது கைப்பக்கம் வச்சுக்கிட்டே போங்க. அது ரெண்டாப் பிரியற எடத்துல எதிர்ல ஒரு மேடு. போன வருஷம் தோட்டத்துப் பக்கத்துலருந்து அந்த மேட்டுக்கு வந்து எனக்குப் படம் அனுப்புனீங்க. அப்ப அங்க லைன் இருந்துச்சு. ஏறி எனக்குக் கூப்புடுங்க."

கீழே வந்து குமரேசனிடம் நீ சொன்னதையும் சொன்னேன், நான் நினைத்ததையும் சொன்னேன். அவன் உதடு வெளுத்திருந்தது. "மச்சான், தங்கச்சி சொன்ன பக்கம் போலாம்" என்றான். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவனை முதுகில் ஏற்றிக்கொண்டேன். என்னைவிடப் பத்துக் கிலோ கூட இருப்பான். நூறடிக்கு ஒரு முறை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றி நடந்து மேட்டைத் தாண்டினேன்.

ஓடை இருந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லாத, கறுத்த தண்ணீர் ஓடும் சின்ன ஓடை. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். எப்படி இவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்ற எரிச்சல். முதுகில் ஒருவன் ரத்தம் சிந்திக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதனுக்கு இப்படியும் தோன்றுமா? எனக்குத் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஓடை பிரியும் இடத்தில் எதிரே மேடு இருந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு ஏறிக் கைப்பேசியைத் திறந்தேன். ஆறு விழுக்காடு. நீ பேசுவது அவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். அவங்களுக்கு எடம் புரியல. மேப்ப அனுப்பி, பாலத்துக்கிட்ட நிக்கச் சொல்லிட்டேன். இனிமே ஓடைய விட்டுருங்க, அது வளைஞ்சு சதுப்புக்குத்தான் போகுது. மேட்டு முதுகுலயே நடங்க. கீழ எறங்குறது சுலபமாத் தெரியும். எறங்காதீங்க. அண்ணே, கேக்குதா?"

"கேக்குதும்மா."

"தூங்கக் கூடாது. மகளுக்கு மாப்பிள்ள பாத்துருக்கேன்னு சொன்னீங்களே, என்ன வேலை பாக்குறாரு?"

அவன் முனகிக்கொண்டே சொன்னான், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான் என்று. "சம்பளம் நல்லா வருமே. கல்யாணத்துக்கு எனக்கு என்ன கலர் சேலை எடுத்துத் தரப்போறீங்க?" என்று கேட்டாய். அவன் சிரித்தான். அலமாக், அந்த நிலைமையில் அவனைச் சிரிக்கவைத்தாய். கைப்பேசி அத்தோடு அணைந்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டு முதுகில் நடந்தோம். மூன்று இடங்களில் வலது பக்கம் நல்ல அகலமான, சறுக்கல் இல்லாத இறக்கம் தெரிந்தது. மூன்று முறையும் என் கால் அந்தப் பக்கம் திரும்பியது. மூன்று முறையும் முதுகில் இருந்தவன், "எறங்காதீங்கன்னு சொல்லுச்சு" என்றான். எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் மரங்களுக்கு நடுவே, நேர்வரிசையில் நின்ற செம்பனைகளைப் பார்த்தேன். காட்டில் எதுவும் நேர்வரிசையில் நிற்பதில்லை. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கால்வாயைத் தாண்டினோம். பாலத்தருகே ஆம்புலன்ஸ் விளக்கு மழையில் சுழன்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் மலாய்க்காரர். அவர் கையில் இருந்த கைப்பேசியில் நீ அனுப்பிய படம் திறந்தபடி இருந்தது.

அவனை அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு வேட்டைக் கூட்டாளிகள் நான்கைந்து பேர் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அந்தக் காட்டுலருந்து, அந்த மழையில, எப்படிலா வெளிய வந்த?" என்று கேட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "எனக்குத் தெரியாத காடா? ஓடையப் பாத்தேன், மேட்டப் புடிச்சேன், வந்துட்டேன்."

ஒருவன் என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. ஆனால் மறுநாள் கோப்பிக்கடையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். மண் வாசனை, காற்று வந்த திசை, மரப்பாசி என்று என்னென்னவோ சேர்த்தேன். குமரேசன் தேறி வந்து, நொண்டிக்கொண்டே அந்த மேசையில் உட்கார்ந்தான். நான் சொல்வதைக் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நண்பனுக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவன் மகள் கல்யாணம். நீ அவன் எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலையைத்தான் கட்டியிருந்தாய். கூலாய் மண்டபத்தில் பந்தி முடிந்து ஆண்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார் என்று மறுபடி அந்தக் கதையை எடுத்தேன். "இந்தக் காலத்துல எல்லாரும் போனக் கையில வச்சுக்கிட்டுத்தான் நடக்குறாங்க. அன்னிக்குப் போன் செத்துப் போச்சு. என்ன செஞ்சேன்? மூளைய வச்சுத்தான் நடந்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பினால், தாம்பூலப் பையோடு நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். கிளம்பலாமா என்று கேட்க வந்தவள்.

காரில் நீ பொண்ணுக்குப் போட்ட நகையைப் பற்றிப் பேசினாய். சாம்பாரில் உப்புக் கூட என்றாய். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றேன். மாசாய் வந்து சேரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால் நான் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது பழக்கத்தில் கைப்பேசியை நீட்டினேன், என் இருப்பிடத்தை உனக்குப் பகிர்ந்து வை என்று. நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். நிமிராமல், "எதுக்கு? உங்களுக்குத் தெரியாத காடா?" என்றாய்.

அன்று காட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கைப்பேசி ஒரு முறைகூடச் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இருந்தது, செய்தி இல்லை. அதற்கு முன் உன் செய்திகளை எத்தனை முறை சலித்துக்கொண்டிருக்கிறேன்! மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாய். சோறு போட்டாய். நம் வீட்டில் எதுவும் குறையவில்லை. அந்த ஒன்று மட்டும் இல்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை உன் பின்னால் வந்து நின்றிருக்கிறேன். நீ திரும்பி, "என்ன வேணும்?" என்பாய். "ஒன்னுமில்ல, தண்ணி" என்பேன். இரண்டு வருடம் தண்ணீர் குடித்தே ஓட்டினேன்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஐந்து மாதம்.

ஒருநாள் மத்தியானம் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு உன் கைப்பேசியைக் கேட்டாய். வரைபடத்தைத் திறந்தாய். அந்தக் காடு. விரலால் பெரிதாக்கி, "இந்த ரெண்டாவது மேட்டுல என்ன மரம் இருந்துச்சு? எனக்கு இங்க வெறும் பச்சையாத்தான் தெரியுது" என்று கேட்டாய். யோசித்துச் சொன்னேன். வேரெல்லாம் பலகை மாதிரி வெளியே நின்ற ஒரு பெரிய மரம், அதன் வேருக்கு நடுவில் குமரேசனைச் சாய்த்துவைத்துத்தான் இரண்டாவது முறை உன்னைக் கூப்பிட்டேன். "ஓடைத் தண்ணி என்ன நிறம்?" "கடுங்கோப்பி மாதிரி." "சில்லுன்னு இருந்துச்சா?" "ஆமா." "கோடு நெருக்கமா இருக்கே, இங்க ஏறுறப்ப கஷ்டமா இருந்துச்சா?" "கையால வேரப் புடிச்சு ஏறுனேன்." ஒவ்வொரு இடமாகக் கேட்டாய். ஒவ்வொரு இடமாகச் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் நாம் அவ்வளவு நேரம் ஒன்றைப் பற்றிப் பேசியதில்லை. கடைசியில் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். நீ கைப்பேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான், "இன்னிக்கு ராவுக்குக் கஞ்சி கொண்டு வரவா?" என்று கேட்டேன்.

"கொண்டு வாங்க" என்றாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டு முன் சடக்கில் கொட்டகை போட்டிருந்தோம். கூட்டாளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். இலை போட்டிருக்கும்போது உன் பெரியப்பா மகனிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒருவன் ஆரம்பித்தான்: "அண்ணன் சாதாரண ஆளு இல்ல. அந்தக் காட்டுலருந்து..." அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. எழுந்து நின்றேன். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அது பொய்" என்றேன். "நான் வழி கண்டுபுடிக்கல. என் வீட்டுக்காரி இந்தச் சமையக்கட்டுல நின்னுக்கிட்டு போன்ல வழி சொன்னா. நான் அவளத் திட்டுனேன். அப்புறம் அவ சொன்ன பக்கம் நடந்தேன். ஆம்புலன்ஸும் அவதான் கூப்புட்டா. இத்தன வருஷமா நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பரிமாறிக்கொண்டிருந்த பையன் வாளியோடு அப்படியே நின்றான். பிறகு யாரோ ரசம் கேட்டார்கள். பந்தி நகர்ந்தது. நான் கை கழுவப் போனேன். குமரேசன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"நான் அப்பவே வந்து பாத்தேன் மச்சான்" என்றான். கால் ஆறிய மூன்றாம் மாதம், நான் ஷிப்டில் இருந்தபோது, அவன் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்திருக்கிறான். நான் சொல்லித் திரியும் கதையைச் சொல்லி, 'எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடுறேன் தங்கச்சி' என்றிருக்கிறான். நீ வேண்டாம் என்றிருக்கிறாய். 'அவரு வாயாலயே சொல்லட்டும் அண்ணே.'

அப்படியென்றால் கல்யாண மண்டபத்தில் நீ அதை முதல் முறை கேட்கவில்லை. அதற்கு முன் பல மாதங்கள், தெரிந்துகொண்டே, ஞாயிறுதோறும் என் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் வாயால் கேட்டபோதுதான் உனக்குப் பொறுக்கவில்லை.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் பண்ணுவேன்" என்றான் குமரேசன். "சொன்னானாம்மான்னு கேப்பேன். இன்னும் இல்ல அண்ணேன்னு சிரிக்கும். ஆஸ்பத்திரியில கடைசியாப் பாத்தப்பவும் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'சொல்லிருவாரு அண்ணே. கொஞ்சம் மெதுவான ஆளு'ன்னுச்சு."

குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அவன்தான் வந்து அடைத்தான்.

எட்டு மாதமாக நான் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கோப்பிக்கடையில் சொன்னேன். தொழிற்சாலையில் சொன்னேன். கைப்பேசிக் கடைப் பெண்ணிடம்கூடச் சொன்னேன். அவள் பாவம், உறை மாற்றத்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும், உள்ளே போய் உன்னிடம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று கால் பரபரக்கும். எழுந்துகொள்வேன். போக இடம் இருக்காது. நான் ஏன் உட்கார முடியாமல் அலைகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

போன ஞாயிறு எங்களோடு புதிதாக ஒருவர் வந்தார். ராஜு, ஏசி பழுதுபார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். வண்டியை விட்டு இறங்கித் துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசி அடித்தது. பார்த்தார், கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினார். "வீட்டுலதான். காலையிலருந்து மேப்பப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா. எங்க இருக்கீங்க, ஏன் புள்ளி தெரியலன்னு. பொம்பளைங்களுக்குக் காடப் பத்தி என்னலா தெரியும்?" என்றார்.

நான் துப்பாக்கியை வண்டியில் சாய்த்து வைத்தேன். அவரைச் செம்பனை நிழலுக்குக் கூட்டிப்போய் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். படத்தை அழித்தது, உன்னைத் திட்டியது, மருத்துவமனைத் தாழ்வாரம், கல்யாண மண்டபம், கஞ்சி கொண்டு வரவா என்று கேட்டது. எதையும் விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், பன்றி இனி இடம் மாறிவிடும் என்று. குமரேசன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

ராஜு கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். ஒரு வரி மட்டும் என் காதில் விழுந்தது. "இங்கதான் இருக்கேன். இப்பத் தெரியுதா?"

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். சொல்லிவிட்டால் கனம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். குறையவில்லை. நீ இருந்தவரை அதை எவர் கண்ணிலும் படாமல் சுமந்தேன். இப்போது எல்லோரும் பார்க்கச் சுமக்கிறேன். இனி எனக்கு முடிவது அவ்வளவுதான்.